குங்குமப்பூ சாப்பிட்டுப் பெற்ற பிள்ளை

கிள்ளானில் போன வருடம் ஒரு கல்யாணம். பந்திக்கு இலை போட இன்னும் அரைமணி நேரம் இருந்தது. மண்டபத்தின் பின்கட்டில் எங்கள் அத்தை ரசத்தை உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் சமையல்காரரைப் பிடித்துக்கொண்டார். “இது ரசமாய்யா? புளித்தண்ணி. மிளகு எங்க, சீரகம் எங்க?” அரக்கு நிறத்தில் காஞ்சிபுரம் பட்டு, கொண்டையைச் சுற்றி மல்லிகை, ஒற்றைக்கல் மூக்குத்தி. 75 வயதிலும் குரல் இறங்கவில்லை. சமையல்காரர் தலையைச் சொறிந்தபடி மிளகு டப்பாவைத் தேடிப் போனார்.

அந்த நேரம் பார்த்து, வீடியோ எடுக்க வந்திருந்த சீன இளைஞன் உள்ளே எட்டிப் பார்த்தான். இத்தனை பேர் நடுவில் அத்தையின் முகத்தைக் கண்டதும் அவனுக்கு அப்பாடா என்றிருந்திருக்க வேண்டும். மாண்டரினில் மளமளவென்று ஏதோ கேட்டான். அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி, எனக்குச் சீனம் வராதுப்பா” என்றார், தமிழில். அவன் விழித்தான். கடைசியில் இருவரும் மலாயில் சந்தித்துக்கொண்டார்கள். பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்பதுதான் அவன் கேள்வி.

அத்தை பிறந்தது சீன வயிற்றில். நாற்பதாம் நாளிலிருந்து தமிழச்சி.

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வயதான தமிழர்களிடம் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள். “எங்க சின்னம்மாகூட சீனப்பிள்ளைதான்” என்பார் ஒருவர். “எங்க லயத்துல நாலாவது வீட்டுல ஒண்ணு இருந்துச்சு, என்னோடதான் தமிழ்ப்பள்ளியில படிச்சுச்சு” என்பார் இன்னொருவர். 1930களிலிருந்து 1960கள் வரை, சீனக் குடும்பங்கள் கொடுத்த குழந்தைகளை, பெரும்பாலும் பெண் குழந்தைகளை, தமிழர்களும் மலாய்க்காரர்களும் எடுத்து வளர்த்தார்கள். நீதிமன்றம், ஆணை, கையெழுத்து எதுவும் கிடையாது. ஒரு தூக்குக்கூடை, நடுவில் ஓர் ஆள், கொஞ்சம் பணம். பிள்ளை கைமாறிவிடும். சிங்கப்பூரில் இப்படி வளர்ந்தவர்களின் கதைகளைத் தெரேசா தேவசகாயம் ‘லிட்டில் டிராப்ஸ்’ என்ற ஆங்கில நூலில் திரட்டியிருக்கிறார். மலாயாத் தோட்டங்களின் கதைகள் இன்னும் கிழவிகளின் வாயில்தான் இருக்கின்றன. கிழவிகளும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

வேற்று இனத்துப் பிள்ளையை எடுத்து வளர்ப்பது பற்றி இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள், பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். இங்கே கையெழுத்துப் போடத் தெரியாத பால்மரத் தொழிலாளிப் பெண்கள் அதைச் செய்து முடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எதைச் சரியாகச் செய்தார்கள், எதில் சறுக்கினார்கள் என்பதைப் பார்க்க எனக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. எங்கள் வீடே போதும்.

புலி வருடத்துக் குழந்தை

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டம். பாட்டி அங்கே பால்மரம் வெட்டினாள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். கைக்குழந்தை இருந்தால் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓட வேண்டும். பாட்டிக்கு விடுவதற்குக் குழந்தை இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் இரண்டு பெற்றாள். இரண்டும் காய்ச்சலில் போயின. மூத்தது பெண், மூன்று வயது வரை இருந்தது. தோட்டத்து ஆண்களைச் சயாம் மரண ரயில் போட ஓட்டிக்கொண்டு போன காலம் அது. தாத்தா எப்படியோ தப்பித்தார். அதற்குப் பிறகு வயிறு திறக்கவே இல்லை.

1950ஆம் ஆண்டின் கடைசியில், தோட்டத்துக்குச் சைக்கிளில் காய்கறி கொண்டுவரும் சீனர் ஒருவர் மரவள்ளிக்கிழங்கை நிறுத்தபடியே பாட்டியிடம் சொன்னாராம்: “ஒரு குழந்தை இருக்கு. பொண்ணு. வேணுமா?” கருவாடு இருக்கு வேணுமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார் என்று பாட்டி சொல்வாள். அவள் அன்று கிழங்கு வாங்கவில்லை.

ஏன் கொடுத்தார்கள்? வறுமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் வறுமை எல்லா வீட்டிலும்தான் இருந்தது, பாட்டி வீடு உட்பட. 1930களின் மந்தத்தில் ஈயமும் ரப்பரும் விலை சரிந்தபோது, தமிழ்த் தொழிலாளிகளை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். வேலையிழந்த சீனர்கள் காட்டோரத்தில் குடிசை போட்டுக் காய்கறி பயிரிட்டார்கள். 1942இல் ஜப்பானியர் ஆட்சி வந்ததும் சீனர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். அப்போது பெண் குழந்தையை வேற்றினத்தாரிடம் கொடுத்தால் உயிராவது மிஞ்சும் என்று கொடுத்தவர்கள் உண்டு. பிறகு 1948 ஜூனில் இதே சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட, அவசரகாலம் வந்தது. காட்டுக்குள்ளிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாது என்று, காட்டோரச் சீனர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேரைப் பெயர்த்தெடுத்து முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். அந்த வேலை சூடுபிடித்தது 1950இல். வீட்டைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கும் குடும்பத்தில், ஆறாவதாகவோ ஏழாவதாகவோ ஒரு பெண் குழந்தை.

போதாததற்கு அது புலி வருடம். சீனப் பஞ்சாங்கத்தில் 12 ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1938, 1950, 1962. புலி வருடத்தில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது, அடங்க மாட்டாள், அப்பனையோ அண்ணனையோ வாரிக் கொடுப்பாள் என்று ஒரு நம்பிக்கை. மூல நட்சத்திரத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது என்று நாம் அடித்த கூத்துக்குக் கொஞ்சமும் குறையாதது. வீட்டை விட்டு அனுப்பினால் தோஷம் போகும், பிள்ளையும் பிழைத்துக்கொள்ளும். ‘எப்படியும் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்தானே’ என்ற எண்ணம் வேறு. கொஞ்சம் முன்னதாகவே அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

பாட்டி மறுநாள் தாத்தாவையும் அழைத்துக்கொண்டு போனாள். குழந்தையோடு ஒரு பழைய துணி, ஒரு பால் டின், நாலாக மடித்த சிவப்புத் தாள் ஒன்று. தாளில் கறுப்பு மையில் சீன எழுத்து. தாத்தா கொடுத்த பணத்தைக் குழந்தையைப் பெற்றவள் கையில் வாங்கவில்லை, புருஷன் வாங்கிக்கொண்டான் என்று பாட்டி சொன்னாள். அதற்கு மேல் அவள் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

தன் செத்துப்போன மகளின் பெயரையே பாட்டி இந்தக் குழந்தைக்கு வைத்தாள். மூன்றாம் வருடம் எங்கள் அப்பா பிறந்தார். அதற்கடுத்து இரண்டு சித்தப்பாக்கள். ‘பிள்ளை எடுத்து வளர்த்தால் வயிறு திறக்கும்’ என்பது தோட்டத்தில் எல்லாரும் சொன்ன பேச்சு, அது பலித்துவிட்டது. அத்தையின் காலடி ராசி லயம் முழுக்கப் பரவிவிட்டது. யார் வீட்டில் மாடு கன்று போட்டாலும் அத்தையைக் கூப்பிட்டு முதலில் தொடச் சொல்வார்களாம். ஒரு வீட்டில் பீடை என்று கழித்த பிள்ளை, கூப்பிடு தூரத்தில் இன்னொரு வீட்டில் மகாலட்சுமி. இரண்டும் ஒரே மாதிரி மூடத்தனம்தான், ஒன்று நமக்குச் சாதகமாக விழுந்தது என்பதைத் தவிர. ஒருவேளை அப்பா பிறக்காமல் போயிருந்தால்? அத்தையை நான் ஒருமுறை கேட்டேன். “அப்பவும் எங்கம்மா என்னைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டா. ஆனா ஊர் பேசியிருக்கும்” என்றார்.

தாய்மாமன் வருவாரா?

எடுத்த பிள்ளை எப்போது நம் பிள்ளை ஆகிறது? பெயர் வைத்தபோதா, தாத்தா சூராட் பெரானாக் என்ற பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் இருக்கும் இடத்தில் தன் பெயரைச் சொல்லிப் பதிந்தபோதா? என்னைக் கேட்டால், அத்தை வயதுக்கு வந்த அன்றுதான்.

நம் முறையில் பெண் சமைந்தால் பச்சை ஓலையில் குச்சு கட்டுகிறவன் தாய்மாமன். முதல் சீரும் அவனுடையது. பாட்டியின் தம்பி பக்கத்துத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது மேஸ்திரியாக இருந்தார். ஆள் கொஞ்சம் முறுக்கு. சேதி சொல்லப் போன தாத்தாவிடம், “சீனப்பிள்ளைக்கு நான் குச்சு கட்டணுமா மச்சான்? நாலு பேரு சிரிக்க மாட்டான்?” என்றாராம். தாத்தா வாயைத் திறக்காமல் திரும்பி வந்தார். அன்று சாயங்காலம் பாட்டியே நடந்து போனாள், நாலு மைல். தம்பி வீட்டு வாசலில் நின்றாள், உள்ளே போகவில்லை. “நீ வரலைன்னா நானே ஓலை வெட்டிக் குச்சு கட்டுவேன். அதுக்கப்புறம் எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்ல” என்று சொல்லிவிட்டு அப்படியே திரும்பி நடந்தாள்.

ஒன்பதாம் நாள் தாய்மாமன் வந்தார். ஒன்பது தட்டு. தோட்டத்து மேளம். பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, கொழுக்கட்டை. சீனத்து முகத்தில் மஞ்சள் பூசி, தமிழ்ப் பெண்கள் ஆலாத்தி சுற்றிய படம் ஒன்று இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம். அத்தை அதில் அழுவதுபோல் இருக்கும். “பசி. காலையிலருந்து உட்கார வச்சே கொன்னுட்டாங்க” என்று இப்போது சொல்கிறார்.

இதைப் படிக்கிற தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. சட்டம் தருகிற உறவு வேறு, சபை தருகிற உறவு வேறு. பாட்டி சட்டம் அறிய மாட்டாள். சபை எப்படி நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே போய் அடித்தாள்.

ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஒரு பாட்டி வாய்க்கவில்லை. மகள் என்ற பெயரில் வேலைக்காரியாக வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். சீனர்களிடையே விலைக்கு வாங்கிய சிறுமிகளை வீட்டு வேலைக்கு வைத்த ‘மூய் சாய்’ வழக்கத்தை ஒடுக்க 1932இலேயே சட்டம் வந்தது. தமிழ் வீடுகளுக்குள் அப்படி யாரும் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பெற்ற பிள்ளைகள் பள்ளிக்குப் போக, எடுத்த பிள்ளை ஆட்டுக்கு இலை ஒடித்த வீடுகளை அத்தையே காட்டுவார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அத்தைக்கு மாப்பிள்ளை தேடும்போது, சாதி என்ன என்று சொல்வது என்ற கேள்வி வந்தது. வளர்த்தவர் சாதிதான் என்று சிலர் ஒப்புக்கொண்டார்கள், சிலர் நாசூக்காக எழுந்து போனார்கள். ஆனால் வந்தவர்கள் எல்லாரும், போனவர்கள் உட்பட, ஒன்றைச் சொன்னார்கள்: “பொண்ணு நல்ல செவப்பு.” சீனப்பிள்ளைகளைத் தமிழ் வீடுகள் ஏந்திக்கொண்டதில் நம் தோல்நிறப் பித்துக்கும் ஒரு பங்கு உண்டு. கறுப்பாக ஒரு குழந்தையை அந்தக் காய்கறிக்காரர் கொண்டுவந்திருந்தால் எத்தனை வீடு கதவைத் திறந்திருக்கும்? இனம் பார்க்காத பாசம் என்று நாம் பெருமையடிக்கும்போது இந்தக் கேள்வி தொண்டையில் மாட்ட வேண்டும்.

தெரு கேட்ட கேள்வி

அத்தைக்கு ஏழு வயது. தமிழ்ப்பள்ளியில் ஒரு பையன் சிலேட்டால் மண்டையில் தட்டி “சீனச்சி” என்றான். வீட்டுக்கு வந்து பாட்டியிடம் கேட்டார்: “ஏம்மா, நான் மட்டும் ஏன் வெள்ளையா இருக்கேன்? கண்ணு ஏன் இப்படி இருக்கு?”

பாட்டி பாலுக்கு டின் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “நீ வயித்துல இருக்கும்போது நான் நெறைய குங்குமப்பூ சாப்பிட்டேன்டி. அதான்.”

அத்தை அதை நம்பினார். பல வருடம் நம்பினார். பள்ளியில் போய் எல்லாரிடமும் சொல்லவும் சொன்னார். பிறகு ஒரு நாள், பதினான்கு பதினைந்து வயதில், பட்டணத்து மளிகைக் கடையில் குங்குமப்பூவின் விலையைக் கேட்டிருக்கிறார். சிமிழ் அளவு டப்பா. “மரம் வெட்டுற சம்பளத்துல எங்கம்மா இதை எங்க வாங்கியிருப்பா? அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு” என்பார் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது. இப்போதுதான், நானும் பிள்ளை பெற்ற பிறகு, அதற்குப் பின்னால் கடைத்தெருவில் தனியாக நின்ற ஒரு பெண் தெரிகிறாள்.

பாட்டியைப் போல் பாசம் வைத்தவளை நான் பார்த்ததில்லை. அந்தப் பாசம் இருந்த வீட்டில்தான் இந்தப் பொய்யும் இருந்தது. பாசத்தால்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் பிள்ளை போய்விடுமோ என்று அவள் சாகும்வரை பயந்தாள். அத்தை தெரிந்துகொண்டது பாட்டிக்கும் தெரியும். பாட்டிக்குத் தெரியும் என்பது அத்தைக்கும் தெரியும். இருபது வருடத்துக்கு மேல் இருவரும் குங்குமப்பூவையே கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

வேற்று இனத்துப் பிள்ளையை வளர்ப்பதில் உள்ள தனி வில்லங்கம் இதுதான். சொந்த இனத்தில் எடுத்தால் பொய் சொல்லிச் சமாளித்துவிடலாம். இங்கே முகமே காட்டிக்கொடுக்கும். வீடு பேசாவிட்டால் தெரு பேசும். ஐசி என்கிற அடையாள அட்டை எடுக்கப் போனால் முகப்பில் இருப்பவர் பெயரைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், மறுபடி பெயரைப் பார்ப்பார். மலேசியாவில் எந்தப் பாரத்தை நிரப்பினாலும் மலாய், சீனர், இந்தியர், மற்றவர் என்று கட்டம் வரும். அத்தை எப்போதும் ‘இந்தியர்’ கட்டத்தில்தான் கோடு போடுவார். வாங்கிப் பார்க்கிறவர், தப்பாகப் போட்டுவிட்டீர்கள் அம்மா என்று திருத்தப் பேனாவை எடுப்பார்.

1969இல் அது வெறும் பாரத்துச் சங்கடமாக இல்லை. அத்தைக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருடம். அவர் கணவருக்குக் கோலாலம்பூர்ச் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை. மே 13ஆம் தேதி சாயங்காலம் கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடித்தது. அரசாங்கக் கணக்குப்படியே 196 பேர் செத்தார்கள். அதில் பெரும்பாலோர் சீனர்கள். ஊரடங்கு தளர்த்திய மணி நேரத்தில் குழாயடிக்குக்கூட மாமியார் அத்தையை விடவில்லை. நெற்றி நிறையக் குங்குமம் அப்பி, தாலிக்கயிற்றை எடுத்து ரவிக்கைக்கு வெளியே போட்டு, கூடத்தில் உட்கார வைத்திருந்தார். “மூணு நாள் சாமி மாதிரி உட்கார்ந்திருந்தேன்” என்பார் அத்தை. அந்த மூன்று நாளும் அவர் உள்ளுக்குள் யாராக இருந்தார், தமிழச்சியாகவா, சீனச்சியாகவா என்று கேட்டேன். “பயந்தவளா இருந்தேன்.”

வேறு இடங்களில்

வளர்த்தவரிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதை இந்த மண் ஏற்கெனவே பார்த்திருந்தது. மரியா ஹெர்டோக் என்ற டச்சு யூரேசியச் சிறுமி, 1942இல் ஜாவாவில் ஜப்பானியர் ஆட்சி வந்தபோது ஐந்து வயதில் அமினா என்ற மலாய்ப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தாள். விருப்பத்தோடுதான் கொடுத்தார்கள் என்றார் அமினா. தற்காலிகமாக விட்டேன் என்றார் பெற்றவள். திரங்கானுவில் நத்ரா என்ற பெயரோடு, மலாய் மட்டுமே பேசி, முஸ்லிமாக வளர்ந்தாள். பெற்றோர் தேடிவந்து வழக்குப் போட, 1950 டிசம்பரில் சிங்கப்பூர் நீதிமன்றம் பெற்றவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சிறுமியைக் கிறிஸ்தவக் கன்னிமடத்தில் வைத்தார்கள். பத்திரிகையில் வந்த அந்தப் படங்கள் முஸ்லிம்களைக் கொதிக்க வைத்தன. டிசம்பர் 11இல் வெடித்த கலவரத்தில் 18 பேர் இறந்தார்கள், 173 பேர் காயப்பட்டார்கள். 13 வயது மரியா கலவரத்தின் நடுவே ஹாலந்துக்கு விமானம் ஏறினாள். பெற்ற தாயோடு பேச மொழி இல்லாத மகளாகத்தான் போய் இறங்கினாள். அங்கே அவர் கடைசிவரை வேரூன்றவில்லை. 2009இல் இறந்தார். எங்கள் அத்தை கைமாறியதும் அதே 1950ஆம் வருடக் கடைசியில்தான். பாட்டிக்கு அந்தச் செய்தி எட்டியிருக்க வேண்டும். ‘கோர்ட்டுக்காரன் பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டுப் போயிருவான்’ என்று அவள் அடிக்கடி சொல்வாளாம்.

அமெரிக்காவில் வேறு மாதிரி. கொரியப் போருக்குப் பிறகு தென்கொரியாவிலிருந்து மட்டும் இதுவரை சுமார் 2 லட்சம் குழந்தைகள் வெளிநாடுகளுக்குப் போயிருக்கிறார்கள், பெரும்பாலும் வெள்ளையர் வீடுகளுக்கு. “எங்கள் கண்ணுக்கு நிறமே தெரியாது” என்று சொல்லி வளர்த்த பெற்றோர்கள். நல்ல மனது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு நிறம் தெரிந்தது. பிள்ளை அழுதுகொண்டு வந்தபோது நிறம் தெரியாத வீட்டில் ஆறுதலுக்கு ஆள் இல்லை. கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையர் வீட்டில் வளர்ந்தால் இனவெறியை எதிர்கொள்ளக் கற்க மாட்டார்கள் என்று கறுப்பின சமூகப் பணியாளர்களின் தேசியச் சங்கம் 1972இல் கடுமையாக எதிர்த்தது. பூர்வகுடிப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக வெளியே கொடுத்ததற்கு முடிவுகட்ட 1978இல் தனிச் சட்டமே வந்தது. இப்போது வெள்ளைக்காரத் தாய்மார்கள் மகளின் சுருட்டை முடியைப் பின்னக் கறுப்பினத்தவர் சலூனுக்குப் போய் உட்கார்ந்து பழகுகிறார்கள். சிரிக்க வேண்டாம். முடியைச் சீவத் தெரியாத கை, பிள்ளைக்குத் தினமும் காலையில் ‘நீ வேறு’ என்று சொல்கிற கை.

நம் பக்கத்து ஊர்க் கதையும் இருக்கிறது. 1980களை ஒட்டி இலங்கையிலிருந்து சுமார் 11,000 குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துப் போனார்கள். வளர்ந்தபின் தாயைத் தேடி வந்தவர்களில் பலர் கையில் இருந்த காகிதமே பொய். பெயர் பொய், ஊர் பொய், சிலருக்குக் கையெழுத்துப் போட்ட தாயே கூலிக்கு நடித்தவள். நெதர்லாந்து 2021இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்திவைத்தது. பாட்டியின் குங்குமப்பூவும் பொய்தான். ஆனால் அவள் அந்தச் சிவப்புத் தாளைக் கிழித்துப் போடவில்லை.

காகிதம் கேட்கும் காலம்

இன்று மலேசியாவில் தூக்குக்கூடையில் பிள்ளை வருவதில்லை. முஸ்லிமல்லாதோருக்கு 1952ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இருக்கிறது; நீதிமன்ற ஆணையோடு, வளர்ப்புப் பெற்றோர் பெயரில் புதுப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும். அதே ஆண்டில் வந்த தத்தெடுப்புப் பதிவுச் சட்டம் முஸ்லிம்களுக்கும் பொருந்தும். இரண்டு ஆண்டு வளர்த்திருந்தால் பதிந்துகொள்ளலாம், ஆனால் பெற்றவர் பெயர் மாறாது. சிக்கல் எங்கே என்றால், பெற்றவள் வெளிநாட்டுக்காரி, அல்லது யாரென்றே தெரியாது என்றால், தத்து ஆணை கையில் இருந்தாலும் சான்றிதழில் ‘குடிமகன் அல்ல’ என்று விழும். பிறகு அரசியல் சாசனத்தின் 15ஏ பிரிவின் கீழ் உள்துறை அமைச்சுக்கு மனுப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் வாசலில் நிற்க வேண்டும்.

கோலாலம்பூரில் ஒரு சீன ஆசிரியையின் கதை 2022இல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. பாலர் பள்ளியில் துப்புரவு வேலை பார்த்த இந்தோனேசியப் பெண் இரண்டு மாதக் கைக்குழந்தையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். கல்யாணமே செய்துகொள்ளாத ஆசிரியை அந்தப் பிள்ளையைத் தனியாளாக வளர்த்தார். பிள்ளை பிறப்பால் முஸ்லிம் என்பதால், சமய வகுப்புக்கு அனுப்பினார், ஹலால் சாப்பாடுதான் கொடுத்தார். தன் மதத்துக்கு இழுக்கவில்லை. 22 வயது வரை அந்தப் பெண்ணுக்குக் குடியுரிமை இல்லை. செய்தி பரவிய பிறகே கிடைத்தது. எங்கள் பாட்டி செய்யாத ஒன்றை அந்த ஆசிரியை செய்திருக்கிறார். நீ என் மகள், ஆனால் நீ யாரிடமிருந்து வந்தாய் என்பது உன்னுடையது என்று அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு வேளைச் சோற்றிலும் சொல்லியிருக்கிறார்.

அத்தையிடம் இந்தச் செய்தியைப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்கம்மாவைக் குத்தம் சொல்லாத” என்றார். நான் சொல்லவில்லை என்றேன். “சொல்ற. உன் மூஞ்சியில தெரியுது.”

பிறகு அவராகவே உள்ளே போய் அந்தச் சிவப்புத் தாளை எடுத்து வந்தார்.

1987இல் பாட்டி இறந்தபின் டிரங்குப் பெட்டியில், வெள்ளிக் கொலுசுக்கு அடியில் கிடைத்தது. பாட்டி வைத்திருந்தாள் என்பதே அத்தைக்குப் போதுமாக இருந்திருக்கிறது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அதை யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை. அக்கம்பக்கமெல்லாம் சீனர்கள். ஒரு நிமிட வேலை.

ஈப்போவில் ஒரு சீன மருந்துக்கடைக்கு அழைத்துப் போனேன். பழைய கையெழுத்தைப் படிக்க அவர்களால்தான் முடியும். கடை முதலாளித் தவுக்கேக்கு எண்பது வயது இருக்கும். தாளைக் கண்ணாடி மேசைமேல் வைத்து, மடிப்புகளைச் சுண்டுவிரலால் நீவினார். மடிப்பில் இரண்டு எழுத்து அழிந்திருந்தது. இது ஜாதகத் தாள் என்றார் மலாயில். பிறந்த வருடம், மாதம், நாள், நேரம். புலி வருடம். பெயர் இல்லை. குடும்பப் பெயர் மட்டும் இருக்கிறது.

“என்ன பெயர்?” அத்தையின் குரல் சன்னமாக இருந்தது. ரசத்துக்குச் சண்டை போட்ட குரல் இல்லை.

தவுக்கே அத்தையின் புடவையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “நீங்கள் ஹொக்கியனா, கண்டனீஸா?”

“இந்தியர்” என்றார் அத்தை.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, எழுத்து ஒன்றுதான், ஹொக்கியன் என்றால் லிம், கண்டனீஸ் என்றால் லாம், பள்ளிக்கூடத்து மாண்டரினில் லின் என்றார். எது உங்களுடையது என்று தாள் சொல்லாது. அத்தை மூன்றையும் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

நேரம் நடு இரவு என்றார் தவுக்கே. சொல்லலாமா என்று தயங்குவதுபோல் இருந்தது. ராத்திரியில் பிறந்த புலிக்குத்தான் அந்தக் காலத்தில் அதிகம் பயப்படுவார்கள், பகல் புலி தூங்கும், ராத்திரிப் புலி பசியோடு இரை தேடும் என்றார்.

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் தாளை அதன் பழைய மடிப்பிலேயே மடித்தார். சுருக்குப் பையைத் திறந்து உள்ளே வைத்தார். தவுக்கேக்கு இரண்டு கையும் கூப்பி வணக்கம் சொன்னார். வெளியே வந்து ஐந்தடித் தாழ்வாரத்தில் நின்று செருப்பைச் சரிசெய்துகொண்டவருக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது.

“அதான் எனக்கு ராத்திரி பன்னெண்டு மணியானா வயிறு கிள்ளுது. எங்கம்மா பழையதை மூடி வச்சிருப்பா, தெரியுமா?” என்றார். “சரி வா, பக்கத்துல அப்பக்கடை ஏதாவது திறந்திருக்கான்னு பாரு.”